சம்பளத்தைச் சொல்லாமலே சராசரி காண்பது எப்படி?

மாதத்தின் முதல் வாரத்தில் எங்கள் ஆசிரியர் அறை வழக்கத்தைவிட அமைதியாக இருக்கும். சம்பளக் கவரை வாங்கியவர்கள் அதைக் கைப்பையின் உள் ஜிப்பில் செருகிவிட்டு, மதியம் என்ன குழம்பு என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். வேலையில் சேரும்போது கையெழுத்து வாங்கிய தாளில், சம்பள விவரத்தைப் பிறரிடம் தெரிவிக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. அந்தத் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக நான் இருந்த காலம் முழுவதும் எல்லோர் மனத்திலும் ஓடியது ஒரே கேள்விதான்: இவர்கள் கொடுப்பது எல்லோருக்கும் இதே அளவுதானா, நான் மட்டும் ஏமாந்துகொண்டிருக்கிறேனா?

இந்தக் கேள்விக்குப் பதில் காண அடுத்தவர் சம்பளம் தெரிய வேண்டியதில்லை, சராசரி தெரிந்தால் போதும். வழக்கமான வழி, நம்பகமான ஒருவரிடம் எல்லோரும் சொல்லி, அவர் கூட்டிச் சொல்வது. ஆனால் அந்த ஒருவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கும் மைத்துனி ஒருத்தி இருப்பாள். அந்த ஒருவரே இல்லாமல் கணக்கை முடிக்கலாம் என்பதுதான் இங்கே நான் காட்டப்போவது. கணினி வேண்டாம். பேனா, நான்கு தாள், பத்துச் சீட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும்.

கணினித் துறையில் இதற்கு ரகசியப் பங்கீடு என்று பெயர். வங்கிகளும் அரசுத் துறைகளும் ஆராய்ச்சிக்காரர்களும் தரவைக் காட்டாமல் தரவின் மேல் கணக்குப் போடும் முறைகளில் இதுதான் கைக்கு எளிதில் பிடிபடுவது. இதைக் கையால் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு மற்ற முறைகள் பயமுறுத்தாது.

முதலில் சீட்டு

பத்துச் சின்னத் தாள்களில் 0 முதல் 9 வரை எழுதி ஒரே மாதிரி மடித்து டம்ளரில் போடுங்கள். குலுக்கி ஒன்றை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடி மடித்து உள்ளே போட வேண்டும். இப்படி ஐந்து முறை எடுத்தால் ஓர் ஐந்திலக்க எண் கிடைக்கும். முதலில் 0 வந்தாலும் அப்படியே எழுதுங்கள்: 05637 என்பதும் ஐந்திலக்கம்தான். அவசரத்துக்கு, கசங்கிய பழைய பத்து ரூபாய் நோட்டின் கடைசி ஐந்து இலக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். புது நோட்டு வேண்டாம், கட்டில் வரிசையாக வந்திருக்கும்.

எண்ணை மனத்திலிருந்து எடுக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், அது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

துண்டாக்குவது

மூன்று பேரை வைத்துச் செய்து பார்ப்போம்: தமிழ் டீச்சர், கணக்கு டீச்சர், அறிவியல் டீச்சர். இந்தக் கட்டுரைக்காக முறையே 18,500, 22,000, 16,200 என்று வைத்துக்கொள்கிறேன். உண்மையில் இந்த எண்களை அவரவரைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை.

தமிழ் டீச்சர் தனியாக உட்கார்ந்து இரண்டு ஐந்திலக்க எண்களைக் குலுக்கி எடுக்கிறார். 73,914 வந்தது, பிறகு 40,268. மூன்றாவது எண்ணை மட்டும் குலுக்கக் கூடாது, கணக்கிட வேண்டும். மூன்றையும் கூட்டினால் கடைசி ஐந்து இலக்கம் 18,500 ஆக வர வேண்டும் என்பது விதி. 73,914-உம் 40,268-உம் சேர்ந்து 1,14,182. லட்சத்தை வெட்டினால் 14,182. பதினெட்டாயிரத்து ஐந்நூறுக்கு இன்னும் 4,318 வேண்டும். ஆக அவருடைய துண்டுகள் 73,914, 40,268, 04,318. கூட்டிப் பாருங்கள், 1,18,500 வரும், லட்சத்தை விட்டுவிட்டால் அவர் சம்பளம்.

கணக்கு டீச்சருக்கு 05,637-உம் 61,790-உம் வந்தன. கூட்டல் 67,427. அவர் சம்பளமோ 22,000. கூட்டல் சம்பளத்தைத் தாண்டிவிட்டதே என்று பதற வேண்டாம். 22,000-க்கு முன்னால் ஒரு லட்சத்தைச் சேர்த்து 1,22,000 ஆக்கிக் கழித்தால் 54,573. அதுவே அவருடைய மூன்றாம் துண்டு. அறிவியல் டீச்சருக்கு 88,051, 29,476. கூட்டல் 1,17,527, வெட்டியபின் 17,527. ஒரு லட்சம் கடன் வாங்கி 1,16,200-இலிருந்து 17,527-ஐக் கழித்தால் 98,673.

இப்படி ஐந்திலக்கத்துக்கு மேல் வெட்டுவது பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் மட்டு எண்கணிதம்தான். கடிகாரத்தில் பதினொன்றுக்கு மேல் மூன்று மணி நேரம் போனால் இரண்டு மணி என்கிறோம் அல்லவா, அதே சங்கதி. நம் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பதில் ஒரு லட்சம் எண்கள் இருக்கின்றன, அவ்வளவே.

கொடுப்பதும் கூட்டுவதும்

ஒவ்வொருவரும் தன் முதல் துண்டைத் தமிழ் டீச்சருக்கும், இரண்டாவதைக் கணக்கு டீச்சருக்கும், மூன்றாவதை அறிவியல் டீச்சருக்கும் கொடுக்க வேண்டும். தனக்கு உரிய துண்டைத் தானே வைத்துக்கொள்ளலாம். துண்டு கைக்குக் கையாகப் போக வேண்டும், மூன்றாவது கண் படக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் தனித் தனியாக அனுப்புங்கள். எங்கள் குழுவில் ஒருவர் மூன்று துண்டையும் வரிசையாகக் குரூப்பிலேயே போட்டுவிட்டு, "சரியா வந்துச்சா டீச்சர்?" என்று வேறு கேட்டார்.

இப்போது அவரவர் கைக்கு வந்த மூன்று எண்களைக் கூட்டி, லட்சத்தை வெட்டுங்கள்.

தமிழ் டீச்சரிடம் 73,914, 05,637, 88,051. கூட்டல் 1,67,602, ஆகவே 67,602.

கணக்கு டீச்சரிடம் 40,268, 61,790, 29,476. கூட்டல் 1,31,534, ஆகவே 31,534.

அறிவியல் டீச்சரிடம் 04,318, 54,573, 98,673. கூட்டல் 1,57,564, ஆகவே 57,564.

இந்த மூன்று விடைகளை மட்டும் கரும்பலகையில் எழுதலாம். ஆனால் ஒருவர் எழுதியதைப் பார்த்துவிட்டு அடுத்தவர் எழுதக் கூடாது. எல்லோரும் தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்புங்கள். கடைசியாகச் சொல்பவருக்கு விடையை இழுத்துவிடும் சபலம் வரும். 67,602, 31,534, 57,564 மூன்றும் சேர்ந்து 1,56,700, வெட்டினால் 56,700. மூன்றால் வகுத்தால் 18,900. யாரும் யாரிடமும் சம்பளத்தைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட தாளும் மீறப்படவில்லை என்று நான் வாதிடுவேன். நிர்வாகம் ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு.

மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடிய குழு என்றால் ஏழு இலக்கத்தில் செய்து, கோடியை வெட்டுங்கள். இல்லாவிட்டால் விடையின் தலையே போய்விடும்.

என்ன பார்த்தேன், என்ன தெரிந்தது

கணக்கு டீச்சராகிய என் கைக்குத் தமிழ் டீச்சரிடமிருந்து வந்தது 40,268. இதை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்தாலும் அவர் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட எனக்குத் தெரியாது. அவர் எட்டாயிரம் வாங்கினாலும் எண்பதாயிரம் வாங்கினாலும் அதே 40,268 அதே வாய்ப்போடு என்னிடம் வந்திருக்கும். கணக்கிட்டு எடுத்த மூன்றாம் துண்டும் அப்படியே. மற்ற இரண்டையும் பார்க்காதவருக்கு அதுவும் வெறும் குலுக்கல் எண். இங்கே பூட்டு இல்லை, உடைக்கவும் ஏதுமில்லை. எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் இல்லாத தகவலைக் கறக்க முடியாது. ரகசியத்தை இப்படித் துண்டாக்கலாம் என்று 1979-இல் எழுதியவர்களில் ஒருவர் அடி ஷமீர் என்ற கணினி அறிஞர். அவருடைய முறை இதைவிட ஒரு படி மேல்: ஐந்து துண்டில் எந்த மூன்று கிடைத்தாலும் ரகசியம் திரும்பும், இரண்டு கிடைத்தால் ஒன்றும் கிடைக்காது என்றெல்லாம் அமைக்கலாம்.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்த ஊர் அமெரிக்காவின் பாஸ்டன். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம்பளத்தில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க அங்குள்ள பெண் பணியாளர் கவுன்சில் விரும்பியது. நிறுவனங்களோ தங்கள் சம்பளப் பட்டியலை வெளியே தர விரும்பவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஒரு வழி செய்தார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் எண்ணும் குலுக்கல் எண்ணோடு கலந்து இரண்டு துண்டாகும். ஒன்று பல்கலைக்கழகக் கணினிக்கும் இன்னொன்று கவுன்சிலுக்கும் போகும். 2016-இல் 69 நிறுவனங்கள், ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களின் கணக்கு இப்படிக் கூட்டப்பட்டது. நிறுவனத்துக்காரர்கள் பார்த்தது இணையப் பக்கத்தில் ஓர் அட்டவணை மட்டுமே. நம் டம்ளரும் சீட்டும் அதற்குள் ஒளிந்திருந்தன.

அதற்கும் முந்தியது டென்மார்க் கதை. எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் இதில் விவசாயிகள் இருக்கிறார்கள். அப்போது அங்கே சர்க்கரைக் கிழங்கை (சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வகை) வாங்கிய ஆலைக் கம்பெனி ஒன்றே ஒன்று, டேனிஸ்கோ. ஐரோப்பிய ஒன்றியம் ஆதரவைக் குறைத்ததும், கிழங்கு பயிரிடும் உரிமையை விவசாயிகள் தங்களுக்குள் விற்று வாங்க ஏலம் தேவைப்பட்டது. நான் இந்த விலைக்கு இவ்வளவு விற்பேன் என்று சொல்வது, என் நிலம் எவ்வளவு தருகிறது, எனக்கு எவ்வளவு முடை என்று சொல்வதற்குச் சமம். அதை ஆலைக்காரனிடம் காட்டிவிட்டு அடுத்த வருடம் அவனோடு விலை பேச முடியுமா? ஆலைக்கும் கரும்பு விவசாயிக்கும் உள்ள உறவை அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008 ஜனவரியில் சுமார் 1,200 விவசாயிகளின் ஏலக் கேள்விகள் துண்டாக்கப்பட்டு மூன்று கணினிகளுக்குப் போயின: ஒன்று கம்பெனியுடையது, ஒன்று விவசாயிகள் சங்கத்துடையது, ஒன்று ஆராய்ச்சிக் குழுவினுடையது. அரை மணி நேரம் போல ஓடி, விற்பவரும் வாங்குபவரும் சந்திக்கும் விலை வெளியே வந்தது. சுமார் 25,000 டன் உரிமை கைமாறியது. தனித்தனிக் கேள்விகளை யாரும் பார்க்கவில்லை.

எங்கே சறுக்கும்

முதல் சறுக்கல் நானே செய்தது. சீட்டு குலுக்கச் சோம்பல்பட்டு, மனத்துக்கு வந்த 5,000, 3,500 என்ற எண்களைத் துண்டாக எழுதினேன். மூன்றாம் துண்டு சம்பளத்தின் மீதி. அது யார் கைக்குப் போனதோ அவருக்கு என் சம்பளம் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. குலுக்கல் எண் கடிகாரத்தின் முழு வட்டத்திலிருந்தும் வர வேண்டும். மனிதர் மனத்திலிருந்து வருவது சின்னதாகவும் முழு நூறாகவும் பிறந்தநாளாகவும் இருக்கும்.

இரண்டாவது, கூட்டுச் சேர்வது. மூன்று பேரில் இருவர் சேர்ந்தால் மூன்றாமவர் சம்பளம் வெளியே வந்துவிடும். இது முறையின் குற்றமன்று, விடையின் குணம்: மொத்தத்திலிருந்து தங்கள் இருவர் சம்பளத்தைக் கழித்தால் மிச்சம் அவருடையதுதானே. இரண்டே பேர் சேர்ந்து சராசரி காண்பது இன்னும் வேடிக்கை. ஆகவே பழகிப் பார்க்க மூன்று பேர் போதும், உண்மையாகச் செய்ய ஆறேழு பேராவது வேண்டும்.

மூன்றாவதுதான் என்னை உண்மையில் வருத்தியது. ஜூன் மாதம் நான்கு பேர் செய்தோம். சராசரி 19,250 என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்களை மாற்றியிருக்கிறேன். ஜூலையில் புதிதாகச் சேர்ந்த கணினி டீச்சர், "நானும் வரேன் மிஸ்" என்றார். ஐந்து பேராகச் செய்ததில் 18,100 வந்தது. எல்லோரும் கலைந்துபோகும்போது விளையாட்டு டீச்சர் வருகைப் பதிவுத் தாளின் பின்புறத்தில் ஏதோ பெருக்கிக்கொண்டிருந்தார். நான்கு பேருக்கு 77,000. ஐந்து பேருக்கு 90,500. பென்சிலால் கோடு போட்டுக் கழித்து, "அட, பாவம்" என்றார். 13,500. அந்தப் பெண் அங்கேயேதான் நின்றிருந்தார். ஒரு துண்டும் கசியவில்லை, ஒரு விதியும் மீறப்படவில்லை, இரண்டு சரியான விடைகளே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

உள்ளே போகும் எண்ணை மறைக்கத்தான் இந்த முறை. வெளியே வரும் விடை என்ன சொல்லிவிடும் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். ஆள் மாறினால் மறுபடி செய்யாதீர்கள். மூன்று பேராவது புதிதாகச் சேரும் வரை பொறுங்கள். ரூபாய் பைசா சுத்தமாகச் சொல்லாமல் "பத்தொன்பதாயிரம் வாக்கில்" என்று சொல்லி நிறுத்துங்கள். இந்த மழுங்கடிப்பையே அளவு வைத்து, நிரூபணத்தோடு செய்யும் துறை ஒன்று இருக்கிறது. விடையோடு கொஞ்சம் குலுக்கல் எண்ணைக் கலந்துவிட்டால், ஓர் ஆள் சேர்ந்தாரா இல்லையா என்பது விடையில் அடையாளம் தெரியாமல் போகும். சிந்தியா டிவொர்க்கும் அவருடன் மூவரும் 2006-இல் இதற்கு அடித்தளம் போட்டார்கள். அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியிட்ட பல எண்களில் இந்தக் கலப்படம் உண்டு.

நான்காவது, பொய். சம்பளம் 1 ரூபாய் என்று ஒருவர் எழுதினால் துண்டுகள் அதையும் பயபக்தியோடு மறைத்துக் கூட்டும். இதில் ஒரு குறும்பு என்னவென்றால், பொய் சொன்னவர் தன் பொய்யைத் திருத்திச் சரியான சராசரியைக் கண்டுகொள்வார், மற்றவர்கள்தான் தவறான விடையோடு போவார்கள். இதற்குக் கணிதத்தில் மருந்து குறைவு. நான் ஆட்களைப் பார்த்துத்தான் சேர்ப்பேன்.

ஆமா, இல்லையா என்று கேட்பதானால்

எங்கள் வட்டாரத்தில் இன்னொரு கேள்வி உண்டு. கையெழுத்துப் போடும் தொகையைவிடக் கையில் வாங்கும் தொகை குறைவா? இதற்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இங்கே துண்டுகூட வேண்டாம், நாணயம் போதும். ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965-இல், கூச்சமான கேள்விகளுக்கு உண்மைப் பதில் வாங்க வகுத்த முறையின் எளிய வடிவம் இது.

பதில் சொல்பவர் தனியாகப் போய் நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலைக்கு "ஆமாம்", பூவுக்கு "இல்லை" என்று நாணயம் சொல்வதையே சொல்ல வேண்டும். இப்போது ஒருவர் "ஆமாம், குறைத்துத்தான் தருகிறார்கள்" என்று சொன்னால், அவர் சொன்னாரா நாணயம் சொன்னதா என்று நிர்வாகத்தாலும் சொல்ல முடியாது.

40 பேரிடம் கேட்டு 22 "ஆமாம்" வந்தது என்று வையுங்கள். சுமார் 20 பேர் நாணயத்தின் பேச்சைப் பேசியிருப்பார்கள், அதில் 10 "ஆமாம்". மீதி 12 "ஆமாம்", உண்மை பேசிய 20 பேரிடமிருந்து வந்தவை. நூற்றுக்கு அறுபது. ஆனால் 40 பேர் சின்னக் கூட்டம், நாணயத்தின் விளையாட்டிலேயே இரண்டு மூன்று கூடும் குறையும். நானூறு பேரிடம் கேட்டால் எண் நிலைகொள்ளும்.

கூட்டல் தாண்டினால்

கூட்டல் எளிது. யார் சம்பளம் அதிகம் என்று கேட்டால் சிக்கல் தொடங்குகிறது. இரண்டு பணக்காரர்கள் சொத்தைச் சொல்லாமல் யார் பெரிய பணக்காரர் என்று காண்பது எப்படி என்று 1982-இல் ஆண்ட்ரூ யாவ் கேட்டதிலிருந்துதான் இந்தத் துறையே கிளைத்தது. ஒப்பிடவும் பெருக்கவும் துண்டுகளுக்கிடையே மேலும் பேச்சுவார்த்தை வேண்டும், கையால் செய்தால் பொழுது போய்விடும். எங்களுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. "இருபதாயிரத்துக்கு மேல் வாங்குபவர் எத்தனை பேர்?" என்று கேட்டு, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 என்று வைத்து அதே துண்டு முறையில் கூட்டினோம். தொகையை மாற்றி இரண்டு முறை கேட்டால் நடுவில் நிற்பவர் எங்கே இருக்கிறார் என்று பிடிபடும். ஒவ்வொரு கேள்வியும் கொஞ்சம் கசியவிடும் என்பதால் இரண்டோடு நிறுத்தினோம்.

இன்னொரு நிலைமை உண்டு. தரவு முழுவதும் என்னிடமே இருக்கிறது, கணக்குப் போடும் வலுவான கணினி வேறொருவரிடம் இருக்கிறது. துண்டு பிரிக்க ஆள் இல்லை. அப்போது தரவைப் பூட்டி அனுப்பி, பூட்டைத் திறக்காமலே கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும். கேட்டால் மாயம் போலிருக்கும். பொம்மை அளவில் இதோ.

என் பூட்டு: எண்ணை மும்முறை பெருக்கி (அதாவது கனமாக்கி) 33-ஆல் வகுத்து மீதியை எடுப்பது. 2 என்பது 8 ஆகிறது. 4 என்பது 64, வகுத்தால் மீதி 31. எட்டையும் முப்பத்தொன்றையும் அனுப்புகிறேன். அந்தப் பக்கம் இரண்டையும் பெருக்குகிறார்கள்: 248, முப்பத்துமூன்றால் வகுத்த மீதி 17. அது மட்டும் திரும்பி வருகிறது. என் ரகசியச் சாவி 7. ஏழு பதினேழுகளை ஒன்றோடொன்று பெருக்கி 33-ஆல் வகுத்தால் மீதி 8. இரண்டு நாலு எட்டு! அவர்கள் என் இரண்டையும் நாலையும் பார்க்கவே இல்லை. (கால்குலேட்டர் திணறினால் ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஒருமுறை வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போங்கள்.)

இது ஆர்எஸ்ஏ என்ற பிரபலமான பூட்டின் சிறு வடிவம். இப்படி மொட்டையாக நிஜ வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே பூட்டு விழுவதால், ஊகித்துப் பூட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இதில் பெருக்கல் நடக்கும், கூட்டல் நடக்காது. 1999-இல் பஸ்கால் பையே கண்ட பூட்டில் கூட்டல் நடக்கும். இரண்டும் வேண்டிய அளவு நடக்கும் பூட்டு உண்டா என்று ரிவெஸ்ட், ஏடெல்மன், டெர்டூஸோஸ் மூவரும் 1978-இல் கேட்டார்கள். 2009-இல்தான் கிரெய்க் ஜென்ட்ரி ஸ்டான்ஃபோர்டில் விடை கண்டார். அதை நடைமுறைக்கு அருகே கொண்டுவந்தவர்களில் ஒருவரான வினோத் வைகுண்டநாதன் சென்னை ஐஐடியில் படித்தவர். ஜென்ட்ரி, பிரேக்கர்ஸ்கி ஆகியோருடன் அவருக்கு 2022-இல் கணினிக் கோட்பாட்டுக்கான கோடல் பரிசு கிடைத்தது. இன்றும் இந்தப் பூட்டுக்குள் நடக்கும் கணக்கு சாதாரணக் கணக்கைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் நடக்கும். ஆனாலும் சின்ன வேலைகளுக்கு வந்துவிட்டது. ஐஓஎஸ் 18 முதல், அழைப்பது யார் என்று பார்க்கும் ஒரு வசதியில், அந்த எண்ணைப் பூட்டியபடியே சர்வருக்கு அனுப்பி விடை வாங்குகிறது ஐபோன். எந்த எண்ணைப் பற்றிக் கேட்டது என்று சர்வருக்குத் தெரியாது.

கணினியில் தொடங்க

பைதான் தெரிந்தவர்கள் துண்டாக்கும் கணக்கைப் பத்து வரியில் எழுதிவிடலாம். குலுக்கல் எண்ணுக்கு ‘ரேண்டம்’ நூலகத்தை எடுக்காதீர்கள், விளையாட்டுக்கும் மாதிரிக் கணக்குக்கும் ஆனது அது. ரகசிய வேலைக்கென்றே ‘சீக்ரெட்ஸ்’ இருக்கிறது. பூட்டிய கணக்கைப் பார்க்க மைக்ரோசாஃப்ட் சீல், ஓப்பன்எஃப்எச்இ ஆகியவை இலவசமாகக் கிடைக்கும். பைதானில் டென்சீல் எளிது. முதல் நாள் 2-ஐயும் 4-ஐயும் பெருக்கிப் பார்த்தால் போதும்.

நிரல் தெரியாதவர்கள் எக்செல்லில் செய்யலாம். முதல் இரண்டு கட்டத்தில் ‘ரேண்ட்பிட்வீன்’ கொண்டு 0 முதல் 99,999 வரை, மூன்றாவது கட்டத்தில் சம்பளத்திலிருந்து இரண்டையும் கழித்து ‘மாட்’ கொண்டு ஒரு லட்சத்தால் வகுத்த மீதி. பழகுவதற்கு இது நன்று. உண்மையான சம்பளத்துக்கு டம்ளரையே நம்புவேன்.

ஒன்று மட்டும் கவனம். எக்செல்லில் எந்தக் கட்டத்தில் எதைத் தட்டினாலும் குலுக்கல் எண்கள் எல்லாம் மறுபடி மாறும். நான் முதல் துண்டை நகலெடுத்து அனுப்பிவிட்டு இரண்டாவதை நகலெடுக்கும் முன் ஒரு கட்டத்தில் பெயர் தட்டினேன். மூன்று பேரின் மொத்தம் 3,117 என்று வந்தது. அரை மணி நேரம் அறிவியல் டீச்சர் கூட்டல் தப்பாகப் போட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்கள் விழுந்ததும் அவற்றை நகலெடுத்து, அதே இடத்தில் மதிப்பாக மட்டும் ஒட்டிவிடுங்கள். பிறகு அனுப்புங்கள்.